மைக்கில் சொன்ன தேக்கு

வீட்டுக்கு யார் வந்தாலும் வீரணன் முதலில் காபி சொல்ல மாட்டான். டைனிங் டேபிள் பக்கம் கூட்டிக்கொண்டு போவான். விரிப்பைத் தூக்கி, மேல்தோல் பெயர்ந்து கிடக்கும் இடத்தைக் காட்டுவான். “பாத்துக்கங்க. எங்க மச்சான் கொண்டாந்த ஒரிஜினல் தேக்கு,” என்பான். வந்தவர் குனிந்து பார்ப்பார். தாள் கனத்துக்குத் தேக்கு, அதற்குக் கீழே மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. அவர் சிரித்து முடித்த பிறகுதான் அடுப்படிப் பக்கம் திரும்பி, “ஏய், காபி கொண்டா,” என்று குரல் கொடுப்பான்.

அந்தக் காபியைக் கொண்டுவந்து வைப்பவள் அவன் மனைவி யுவராணி. ஆறு வருஷத்துக்கு முன்னால் சின்னமனூரில் இந்த வீட்டைக் கட்டிப் பால் காய்ச்சிய அன்று அவளுடைய அண்ணன் வேல்பாண்டி மேளதாளத்தோடு கொண்டுவந்து இறக்கிய சீர் அந்த மேசை. “முழுத் தேக்கு, முழுத் தேக்கு” என்று மைக்கில் தெருவே கேட்கச் சொன்னார்கள். அன்றைக்கு வாயெல்லாம் பல்லாக அதைத் தடவித் தடவிப் பார்த்தவனும் இதே வீரணன்தான். வாழைக்காய் மண்டி வைத்திருக்கிற மனுஷன். தாரைத் தூரத்தில் பார்த்தே பக்குவம் சொல்லிவிடுவான். மூக்குக்கு முன்னால் நின்ற பலகை மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

குட்டு உடைந்ததும் அவனால்தான். மண்டிக் கூட்டாளிகளுக்கு விருந்து வைக்கிறேன் என்று, அடுப்பிலிருந்து இறக்கிய கறிக்குழம்புக் குண்டானை அப்படியே மேசைமேல் வைத்தான். பசை இளகி மேல்தோல் உப்பிக்கொண்டது. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் நகத்தால் இன்னும் கொஞ்சம் உரித்துக் காட்டினான், ஆறப்போகிற புண்ணைப் பிய்க்கிற சின்னப்பிள்ளை மாதிரி.

அண்ணன் ஏமாற்றிவிட்டான் என்று யுவராணி ஒருநாளும் நினைத்ததில்லை. கடைக்காரன் அவனை ஏமாற்றியிருப்பான் என்றே நம்பினாள். வீரணனிடம் சொல்லியும் பார்த்தாள். அவன் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

ஆவணியில் மகன் மகிழனுக்குக் காதுகுத்து என்று நாள் குறித்தார்கள். “வர்ற சொந்தம் பூராவும் இதைப் பாத்துட்டுத்தான் பந்திக்குப் போகணும். உங்கண்ணன் கண்ணு முன்னாடியே காட்டுறேன்,” என்றான் வீரணன். நல்ல காரியம் எதையும் சொன்னபடி செய்யாதவன், இந்த மாதிரி விஷயத்தில் மட்டும் சொன்ன சொல் தவற மாட்டான். மருமகனை மடியில் வைத்துக் காது குத்த வருகிற அண்ணன் நிறைந்த சபையில் தலைகுனிந்து நிற்பதை யுவராணியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதற்குள் மேசையைச் சரி செய்துவிடுவது என்று முடிவெடுத்தாள்.

கார்பெண்டர் சுருளியாண்டி வந்தான். வேலையைவிட வாய் வேகம். ஈரத்துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டிப் பழைய தோலை உரித்தான். மேல்பலகையைக் கால்களிலிருந்து கழற்றினான். அதன் அடியில் ஒட்டியிருந்த மெல்லிய மரத்தகட்டையும், “இது எதுக்குக்கா குப்பை,” என்று பிய்த்தெறிந்தான். புதுத் தேக்குத் தோலை மேலே மட்டும் பசை தடவி ஒட்டி, பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான்.

காலையில் பார்த்தால் பலகை நான்கு மூலையும் தூக்கிக்கொண்டு தாம்பாளம் போல் வளைந்திருந்தது. யுவராணி அதைத் தரையில் கிடத்தி, ஓரத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். அது உருண்டு நடுவுக்கு வந்தது. பல் விளக்கிக்கொண்டிருந்த வீரணன் நுரை வாயோடு ஓடிவந்து பார்த்தான். பிள்ளை பிறந்த அன்றுகூட அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் பார்த்ததில்லை.

“தொடாத, அப்படியே இருக்கட்டும். காதுகுத்துக்கு வெத்தலை பாக்கு இதுலயே வச்சிருவோம்,” என்றான்.

அவள் சுருளியாண்டியை வரவழைத்து, எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தாள். “ஓரத்துல வச்சுப் பாரு.”

அவன் வைக்கவில்லை. தலையைச் சொறிந்தான். “பசை காயுறப்ப இழுக்கும்க்கா. ரெண்டு பக்கமும் ஒட்டியிருந்தா ஒண்ணை ஒண்ணு இழுத்துச் சமமா நின்னுக்கும். அடியில யாரு பாக்கப்போறான்னு விட்டுட்டேன்.”

“அப்ப தெரிஞ்சே செஞ்சிருக்க.”

“எல்லாரும் அப்படித்தான்க்கா செய்யுறாக.”

தெரியாமல் கெடுத்தவனையாவது மன்னிக்கலாம். தெரிந்தே கெடுத்துவிட்டு ஊரையும் துணைக்குக் கூப்பிடுகிறவனைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் அருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். தோலை மறுபடி உரிக்க வைத்தாள். வெயிலில் காயப்போடலாம் என்றவனை முறைத்த முறைப்பில் பலகை நிழலுக்குப் போனது. நன்றாக உலர்ந்த பிறகு, மேலும் கீழும் ஒரே கனத்தில் தோல், ஒரே பசை, ஒரே நேரத்தில் ஒட்டு. தாள் விரித்து இரண்டு சமமான பலகைகளுக்கு நடுவே அதை வைத்து, மண்டியில் துருப்பிடித்துக் கிடந்த இரும்பு எடைக்கற்களை மேலே பரவலாக அடுக்கச் சொன்னாள். ஆடிச் சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. காய்வதற்கு நாள் பிடித்தது, அவள் அவசரப்படவில்லை. “பொணத்துக்குப் பவுடர் பூசுறா,” என்று வீரணன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சொன்னான்.

கற்களை எடுத்தபோது ஓரத்தில் வைத்த எலுமிச்சம்பழம் வைத்த இடத்திலேயே நின்றது. உப்புத்தாள் தேய்த்துப் பாலிஷும் போட்டாயிற்று. வீரணன் வந்து ஒரு மூலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். நகம்தான் உடைந்தது. இனி அண்ணன் தலைநிமிர்ந்து வரலாம் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

அண்ணன் நிமிர்ந்துதான் வந்தான். காதுகுத்தன்று வெடி வெடித்து, நையாண்டி மேளம் முன்னால் ஆட, மினி லாரியில் சீர் வந்தது. பழத்தட்டு, பலகாரத்தட்டு எல்லாவற்றுக்கும் பின்னால் பளபளவென்று ஒரு புது டைனிங் டேபிள். “தாய்மாமன் சீர், ஒரிஜினல் பர்மாத் தேக்கு,” என்று மைக் அலறியது. வேல்பாண்டி தங்கச்சி காதருகே வந்து, “இனிமே உன் வீட்டுக்காரு வாயைத் தொறக்க மாட்டாருத்தா,” என்றான்.

சத்தியமாகக் குறை சொல்லத் திறக்கவில்லை, பல்லைக் காட்டத்தான் திறந்தான். வீரணன் புது மேசையை விரலால் தட்டி, காது கொடுத்துக் கேட்டு, “இது மரம்யா,” என்று சபைக்குச் சொன்னான். சபை தலையாட்டியது.

தட்டிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் விழுந்து புது மேசைக்கு அடியில் உருண்டது. எடுக்கக் குனிந்தாள் யுவராணி. “நீ ஏன்த்தா குனியுற, விடு விடு,” என்று வேல்பாண்டி பதறினான். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். மேலே மினுக்கும் தேக்கு. அடியில் அதே மரத்தூள் பலகை, அம்மணமாக. பழையதற்காவது ஒரு தகடு ஒட்டியிருந்தது. இதில் அதுவும் இல்லை.

கடைக்காரன் ஒரு தடவை ஏமாற்றலாம். இரண்டு தடவையா? கடைக்காரன்தான் ஏமாற்றினான் என்றால் அண்ணன் ஏன் பதறுகிறான்? இவனுக்காகவா எடைக்கல் சுமந்தோம் என்று அவளுக்கு அருவருப்பாக வந்தது. இந்தப் பக்கம் தட்டிப் பார்த்துத் தேக்கு என்கிற மடையன். அந்தப் பக்கம், அடியில் குனிந்து பார்க்க மாட்டான் என்று கணக்குப் போட்ட திருடன். இரண்டு பேருக்கும் நடுவில் ஆறு வருஷம் காபி கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

“பழசை மாட்டுக்கொட்டத்துல தூக்கிப் போடுங்கப்பா,” என்றான் வீரணன்.

“பழசு இங்கனயே கெடக்கட்டும், நாங்க சாப்புட,” என்றாள் யுவராணி, எழுந்து எல்லாருக்கும் கேட்கும்படி. “அண்ணன் கொண்டாந்ததை வீட்டுக்குள்ள பூட்டி வச்சா யாரு பாப்பாக? மண்டியில போடுங்க. நாலு ஊரு யாவாரி வர்ற எடம்.”

“அதுவும் சரிதான்,” என்று வீரணன் மீசையைத் தடவினான். “கேரளாக்காரனும் பாக்கட்டும்.” அப்போதே ஆட்களை ஏவினான்.

வேல்பாண்டியின் முகம் வெளுத்தது. மண்டியை அவன் அறிவான். தார் கழுவுகிற தண்ணீர் வருஷம் முழுக்கத் தரையில் ஓடுகிற இடம் அது. தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, “அங்கன எந்நேரமும் ஈரமாச்சேத்தா,” என்றான்.

“இருக்கட்டும்ண்ணே,” என்று கையை விடுவித்துக்கொண்டாள் யுவராணி. “தேக்குதானே.”