நண்பகலுக்குள் நூறு பேர்

காலை ஆறு மணி பஸ்ஸில் வந்திறங்கிய கர்னல் ஏஷ்லிமான் நேரே கூட்டுறவுச் சீஸ் கூடத்துக்குள் நுழைந்தபோது, கேப்டன் லதீனா முழங்கை வரை செம்புக் கொப்பரைக்குள் கையை விட்டிருந்தாள். ஆயிரம் லிட்டர் பால் அப்போதுதான் தயிர்போலக் கட்டியிருந்தது. அந்த நிமிடமே அறுக்காவிட்டால் அன்றைய சீஸ் பன்றிக்குத்தான் போக வேண்டும். கர்னல் வந்து நிற்கிறார் என்று பால் காத்திருக்குமா? லதீனா ஒரு கையால் அறுத்துக்கொண்டே மறு கையை நீட்டினாள். அவர் ஓர் உறையைக் கொடுத்தார்.

"இன்னைக்குத்தான்," என்றார். "மதியம் பன்னிரண்டு மணிக்குள்ள நூறு பேர்."

வசந்தகாலத்திலிருந்து அவள் எதிர்பார்த்திருந்த உறை அது.

இந்த நாட்டில் உடம்பு நன்றாக இருக்கும் ஒவ்வொரு ஆணும் படையில் சேர வேண்டும். முதல் பயிற்சி முடிந்த பிறகும் வருடத்துக்கு மூன்று வாரம் மறுபடி பயிற்சிக்குப் போக வேண்டும். கீழ்நாட்டு வங்கிக்காரனுக்கு அது மூன்று வாரம் அலுவலகத்திலிருந்து விடுதலை. ப்ராவெர்த் பள்ளத்தாக்கின் மாட்டுக்காரனுக்கு அது செப்டம்பர். மேல் மேய்ச்சலிலிருந்து மாடுகள் இறங்குகிற மாதம், கடைசிப் புல் அறுக்கிற மாதம். செப்டம்பர் பிறந்தால் இந்தப் பள்ளத்தாக்கில் இடுப்பு வலி இல்லாத ஆண்பிள்ளையே இருக்க மாட்டான். டாக்டரும் சலிக்காமல் சான்றிதழ் எழுதிக் கொடுப்பார். அவருக்கும் சீஸ் பிடிக்கும்.

லதீனா போன குளிர்காலத்தில் உட்கார்ந்து பதினொரு பக்கம் மனு எழுதித் தலைநகர் பெர்னுக்கு, படைத் தலைமைக்கு அனுப்பினாள். மூன்று வாரத்தைச் சேர்த்தாற்போலக் கேட்காதீர்கள், பிரித்துக் கேளுங்கள். எங்கள் மலையிலேயே கேளுங்கள். பதிலுக்கு நாங்கள் ஒன்று தருகிறோம். வருடத்தில் எந்த நாள் வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், ஆறு மணி நேரத்தில் துப்பாக்கியோடு வந்து நிற்கிறோம். பெர்னில் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவள் தலைமையிலிருந்த கம்பெனி என்கிற படைப்பிரிவின் நூற்றிருபத்துநாலு பேரில் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார்கள். நூறு என்றாள். வராவிட்டால்? "மனுவையும் திரும்ப வாங்கிக்கிறேன். கம்பெனியையும் ஒப்படைச்சிடறேன்."

அவளுக்கு நாக்கு நீளம் என்று ஊரே சொல்லும். ஆனால் அது வாய்ச்சவடால் இல்லை. பெண்களுக்கு இங்கே படைக் கடமை கிடையாது. தானாகப் போய்ச் சேர்ந்து, பன்னிரண்டு வருடம் பனியில் புரண்டு வாங்கிய கம்பெனி அது. அதைப் பந்தயத்தில் வைக்க அவளுக்கு மனசு வந்தது என்றால் அதற்குக் காரணம் ஒருவன்தான். அவளுடைய தம்பி குர்தின்.

போன செப்டம்பர், மூன்று வாரப் பயிற்சியின் நடுவில் மலையில் திடீரென்று பனி கொட்டியது. குர்தின்தான் மேய்ச்சலின் தலைமை மேய்ப்பன். யாரிடமும் கேட்காமல் இரவோடு இரவாகப் போய்விட்டான். நூற்றறுபது மாட்டையும் ஒரு குளம்புகூட நொண்டாமல் இறக்கிவிட்டு, மூன்றாம் நாள் தானே திரும்பி வந்து அவள் முன்னால் நின்றான். அவள் ஐந்து நாள் சிறைக்காவலுக்குக் கையெழுத்துப் போட்டாள்.

"மாட்ட இறக்கினது குத்தமா?" என்று கேட்டான்.

"சட்டம் அப்படி."

"அப்ப சட்டத்தோடயே பேசிக்கோ."

அன்றிலிருந்து பேச்சு நின்றது. ஒரே வீடு, ஒரே அடுப்பு. உப்பு வேண்டுமென்றால்கூட அவன் எழுந்து சுற்றி வந்து எடுத்துக்கொள்வான், கேட்க மாட்டான். லதீனாவும் சளைத்தவள் இல்லை. அவன் சொன்னபடியே அவள் சட்டத்தோடு பேசினாள், பதினொரு பக்கத்துக்கு. அதை அவனிடம் மட்டும் சொல்லவில்லை.

"கேப்டன், முகம் ஒரு மாதிரி இருக்கே," என்றார் கர்னல். "நாள் சரியில்லையா? நாள்காட்டியப் பாத்துத்தான் எடுத்தேன். திருவிழா இல்ல, விடுமுறை இல்ல."

மாடு இறங்கும் நாள் நாள்காட்டியில் இருக்காது. அதைப் பனியும் புல்லும் தீர்மானிக்கும். மேலே பனி வருகிறது, நாளைக்கே இறக்குகிறோம் என்று நேற்று மாலைதான் குர்தின் ஊருக்குச் சொல்லியனுப்பியிருந்தான். உதவிக்குப் போனவர்கள், அவனையும் சேர்த்து, முப்பத்தேழு பேர். எல்லாரும் அவளுடைய கம்பெனி ஆட்கள். லதீனா அதைச் சொன்னாள்.

ஏஷ்லிமான் கெட்டவர் இல்லை. தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "தள்ளி வெச்சுக்கலாம். ஆனா தள்ளி வெச்சோம்னு எழுதணும்."

"எந்த நாளும்னு நான்தானே எழுதினேன்," என்றாள் லதீனா. "பன்னிரண்டு மணிக்கு மைதானத்துக்கு வாங்க. இப்ப அந்த வாளியக் கொஞ்சம் நகத்துங்க."

வாசலில் மஞ்சள் தபால் பஸ் என்ஜினை நிறுத்தாமல் நின்றது. அதன் டிரைவர் ஜாகன்தான் கம்பெனியின் சார்ஜண்ட் மேஜர். காலையில் பஸ்ஸில் ஏறிய கர்னலின் தோளில் இருந்த பட்டையைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"மேல போன் எடுக்காது," என்றார்.

"தெரியும். கடைசி நிறுத்தத்துல நின்னு ஹாரன் அடிங்க. அவங்க தலைய நீட்டிப் பாக்கற வரைக்கும் அடிங்க."

"பயணிங்க ரெண்டு பேர் இருக்காங்க, கேப்டன்."

"அவங்களுக்கும் கேக்கட்டும்."

ஜாகன் போனார். கால் மணி நேரத்தில் வளைவுகளில் அடிக்கிற அந்த மூன்று சுர ஹாரன் மலைச்சரிவெங்கும் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. கீழே ஒருவர் மூன்று பேருக்குப் போன் செய்ய, அந்த மூவர் ஒன்பது பேருக்குச் செய்தார்கள். சீஸ் கூடத்தின் மேலாளர் பர்னபா, பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடிவந்தான். கூடத்தில் அவன் லதீனாவுக்கு மேலதிகாரி. கம்பெனியில் வெறும் சிப்பாய்.

"லதீனா, இந்த சீஸ யாரு அச்சுல போடுவா? நீ போயிட்டா நான் என்ன பண்றது?"

"நீயும்தான் வரணும், பர்னபா."

அவன் ஒரு கணம் முழித்தான். பிறகு குதிகாலைச் சேர்த்து, "சரி, கேப்டன்," என்றான். சீஸை அவனுடைய அம்மா அச்சில் போட்டாள்.

பதினொரு மணிக்கு மைதானத்தில் அறுபத்துமூன்று பேர் நின்றார்கள். ரயிலேறி வந்தவர்கள், கூரை மேலிருந்து இறங்கி வந்தவர்கள், ஒருவன் தன் நிச்சயதார்த்த விருந்துக்குத் துணி எடுக்கப் போன கடையிலிருந்து வந்திருந்தான். மலைக்குப் போனவர்கள் தவிர மற்றவர்கள் வெளிநாட்டிலும் ஆஸ்பத்திரியிலும் இருந்தார்கள். அவர்களை நம்பிப் பயனில்லை. அறுபத்துமூன்றும் முப்பத்தேழும் நூறு. லதீனா அந்தக் கணக்கைப் பத்து முறை போட்டுப் பார்த்தாள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முப்பத்தாறு பேர் வருவார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மாட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வருவார்கள். மிச்சம் ஒருவனைப் பற்றித்தான் அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு உப்புக்கே வாய் திறக்காதவன், ஒரு ஹாரனுக்கு வந்து நிற்பானா?

பதினொன்று இருபதுக்கு மணிச்சத்தம் கேட்டது. நூற்றறுபது மாடும் கழுத்துமணி குலுங்கத் தெருவை அடைத்துக்கொண்டு வந்தன. வழக்கம்போலக் கொம்பில் பூக்கட்ட நேரமில்லை போலும், நாலைந்து மாட்டுக்கு மட்டும் ஊசியிலைக் கொத்து ஒன்று செருகியிருந்தது. கர்னலின் முன்னால் நின்ற ஒரு பழுப்பு மாடு தன் வேலையை நிதானமாக முடித்துவிட்டு நகர்ந்தது. சதுக்கத்தில் மனைவிமாரும் அக்கா தங்கைகளும் காத்திருந்தார்கள். கயிறு கை மாறிய மறுநொடி ஆண்கள் வீட்டுக்கு ஓடினார்கள்.

இங்கே துப்பாக்கி வீட்டில்தான் இருக்கும். ஆனால் அதன் போல்ட்டை, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற இரும்புத் துண்டை, கழற்றி வேறொரு ரகசிய இடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ரகசிய இடம் உண்டு. லதீனா வீட்டில் மாவு டப்பா. பர்னபா வீட்டில் தையல் மெஷினின் இழுப்பறை. இந்த ரகசியங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு ஜாகன் எண்ணி முடித்தார். "நூறு," என்றார். மூன்றாவது வரிசையின் கோடியில், ஆட்டுத்தோல் வாசனையோடு, நேரே மலையைப் பார்த்துக்கொண்டு குர்தின் நின்றான். வந்துவிட்டான். லதீனாவுக்கு அது போதும் என்றிருந்தது.

ஏஷ்லிமானுக்கு அது போதவில்லை. முதல் ஆளின் துப்பாக்கியை வாங்கினார், எண்ணைப் படித்தார், அதோடு பொருந்த வேண்டிய போல்ட்டின் எண்ணையும் படித்தார். இரண்டாவது ஆள். மூன்றாவது பர்னபா.

"இது உன் போல்ட் இல்லையே."

பர்னபா குனிந்து பார்த்தான். "தம்பியோடது, ஐயா. ஒரே இழுப்பறை."

நாலாவது ஆளுடையது அவன் அண்ணனுடையது. அப்படியே பதினொரு துப்பாக்கி. கர்னல் ஜேபியிலிருந்து பேனாவை எடுத்தார். "தன்னோட போல்ட் இல்லாத துப்பாக்கி, துப்பாக்கி இல்ல. இவங்கள நான் எண்ண முடியாது, கேப்டன். எண்பத்தொன்பது."

மணி பதினொன்று ஐம்பத்துமூன்று. லதீனா பதறவில்லை, இந்த ஊரின் இழுப்பறைகளை அவளுக்குத் தெரியும்.

"பதினொரு பேரும் முன்னால வாங்க. போல்ட்டக் கழட்டி இந்தக் கம்பளில வைங்க. எண்ணச் சத்தமாப் படிங்க, அவங்கவங்க எடுத்துக்கோங்க."

கத்தலும் தள்ளுமுள்ளுமாக இருந்தது. சமையலறையில் கரண்டி தேடுகிற வீடு மாதிரி ஆயிற்று மைதானம். இரண்டு நிமிடத்தில் பத்துப் பேர் தங்கள் போல்ட்டோடு வரிசைக்குத் திரும்பினார்கள். கம்பளியில் ஒரே ஒரு போல்ட் மிச்சம். அதன் முன்னால் குர்தின் நின்றான்.

"தொண்ணூற்றொன்பது," என்றார் ஏஷ்லிமான். "இது யாரோடது?"

லதீனா குனிந்து அதைக் கையில் எடுத்தாள். கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்ததும் காது மடல் சூடானது. அந்த எண் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். அவளுடையது.

எப்போது நடந்தது என்பதும் உடனே புரிந்தது. அவன் காவலுக்குப் போவதற்கு முந்தின மாலை, சமையலறை மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து இருவரும் துப்பாக்கி துடைத்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல், ஒருவர் கையை ஒருவர் பார்க்காமல். இரண்டு போல்ட்டும் மாவு டப்பாவுக்குள் போயின. வசந்தகாலச் சோதனையில் அவள்தான் ஒவ்வொருவருடையதையும் பார்த்தாள். குர்தின் முன்னால் வந்தபோது அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், எண்ணையும் பார்க்காமல், 'சரி' என்று எழுதிவிட்டு நகர்ந்தாள். கேப்டனுடையதைச் சோதிக்க யாரும் இல்லை. ஒரு வருடமாக அவள் தோளில் தொங்கிய துப்பாக்கிக்குள் அவன் போல்ட் இருந்திருக்கிறது.

நாலு நிமிடம் பாக்கி. பேசாமல் இருந்தால் கம்பெனி போகும், பேசினால் மானம் போகும். அவள் யோசிக்கவே இல்லை.

"என்னோடது, ஐயா," என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. "இவரோடது எங்கிட்ட இருக்கு. சோதனையில ஒழுங்காப் பாக்காம கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னோடது."

தோளிலிருந்து துப்பாக்கியை இறக்கி, போல்ட்டை உருவி நீட்டினாள். குர்தின் அதை வாங்கினான். எண்ணைப் பார்த்தான். பிறகு, பன்னிரண்டு மாதத்தில் முதல் முறையாக, அவள் முகத்தைப் பார்த்தான். போல்ட் தன் இடத்தில் போய்ச் சேர்ந்த சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

கர்னல் அதையும் படித்துச் சரிபார்த்தார். அவசரப்படாத மனிதர். "நூறு," என்றார் கடைசியில். "பதினொன்று ஐம்பத்தேழு." ஒரு பக்கம் எழுதினார், பக்கத்தைத் திருப்பினார். "அடுத்த வருஷம் மலைக் கம்பெனி எல்லாத்துக்கும் உங்க மனுப்படி மூணு வாரத்தப் பிரிச்சுக் கேக்கற முறைதான்னு நான் எழுதித் தர்றேன். என் வார்த்தைக்கு பெர்ன்ல மதிப்பு உண்டு. ஆனா கேப்டன், உங்க துப்பாக்கியையும் நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க, ஐயா."

"பொய்யான சோதனைக் குறிப்பு. அதுக்கு அஞ்சு நாள் காவல்."

"தெரியும். அஞ்சு நாள்தான்," என்றாள் லதீனா. அந்த எண் அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"ஐயா, ஒண்ணு சொல்லலாமா?"

வரிசையின் கோடியிலிருந்து வந்தது குரல். ஜாகன் திடுக்கிட்டுத் திரும்பினார். அனுமதி இல்லாமல் பேசுவதும் குற்றம்தான், ஆனால் ஏஷ்லிமான் தலையசைத்தார்.

"அஞ்சு நாளையும் சேர்த்தாப்ல குடுக்காதீங்க," என்றான் குர்தின், மலையையே பார்த்தபடி. "சீஸ் வேலை கெட்டுப்போகும். ஒவ்வொரு நாளாப் பிரிச்சுக் குடுங்க. இப்ப அதுதானே சட்டம்?"

முதலில் பர்னபா சிரித்தான். அப்புறம் நூறு பேரும். கர்னல்கூடப் பேனாவை மூடிவிட்டு வாயைத் துடைப்பதுபோல் கையை வைத்துக்கொண்டார். லதீனாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கண்ணில் நீர் நிறைந்து, எதிரே நின்ற வரிசை கலங்கித் தெரிந்தது. கலைந்து போங்கள் என்று கட்டளையிட வாய் திறந்தாள், சத்தம் வரவில்லை.

சதுக்கத்தில் ஏதோ ஒரு மாடு பொறுமையிழந்து கத்தியது.

"அக்கா," என்றான் குர்தின், வரிசையை விட்டு அருகே வந்து தணிந்த குரலில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "மாட்டுக்குத் தண்ணி காட்டணும். சீக்கிரம் சொல்லு."