போனில் பேசிய மகன்

"உன் புருஷன் நேத்து பேசினான்" என்றாள் மாமியார், பட்டாணி உரித்துக்கொண்டே.

மருமகளின் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி தலையணை உறையின்மேல் அப்படியே நின்றுவிட்டது. கருகும் வாடை வந்த பிறகுதான் தூக்கினாள்.

பேசுவதற்கு அவன் உயிரோடு இல்லை. மாமியாருக்கு இதய அறுவை நடந்த அதே வாரத்தில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டான். கொஞ்ச நாளைக்கு எந்த அதிர்ச்சியும் கூடாது என்றார் டாக்டர். வெளிநாட்டில் வேலை, அங்கே போன் கிடைக்காது என்று அவளும் நாத்தனாரும் சேர்ந்து சொல்லிவைத்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் ரப்பராய் இழுத்துக்கொண்டே போனது. அழ வேண்டுமென்றால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

"கனவு கண்டிருப்பீங்க அத்தை."

"எனக்கு நெஞ்சைத்தான்டி அறுத்தாங்க, மூளையை இல்ல."

கனவில்லை என்றால், யாரோ அவனைப் போலப் பேசுகிறார்கள். கிழவியை ஏமாற்றி யாருக்கு என்ன லாபம்? வீடு இன்னும் மாமியார் பெயரில்தான் இருக்கிறது. நாத்தனார் புருஷன் வரும்போதெல்லாம் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவான். இத்தனை நாள் சிரிப்பாக இருந்த அந்தத் தட்டல் இப்போது காதுக்குள் கேட்டது.

அவள் கணவன் டப்பிங் கலைஞன். பிறமொழிக் குற்றப் படங்களில் ஆள்மாறாட்டக்காரர்கள் எல்லோருக்கும் அவன்தான் குரல். செத்தவனின் கோட்டை மாட்டிக்கொண்டு அவன் வீட்டிலேயே போய்ச் சாப்பிடுகிறவர்கள். ஒரே வாயால் மூன்று பெயர் சொல்கிறவர்கள். "இவனுங்க மாட்டிக்கிறது எப்படித் தெரியுமா?" என்று சாப்பிடும்போது சொல்வான். "எல்லாத்தையும் சரியா செய்வான். ஒரு இடத்துல மட்டும் அசலைவிட நல்லவனா இருந்து தொலைச்சிடுவான்."

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு மாமியார் போனை எடுத்தாள். மருமகள் கதவோரம் நின்றாள். காது மந்தமானதால் மாமியார் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். எண்களையும் வாய்விட்டுச் சொல்லியே அழுத்துவாள். அது அவன் வேலை பார்த்த டப்பிங் ஸ்டூடியோவின் எண்.

"அம்மா, சாப்பிட்டீங்களா?" என்றது போன்.

அதே குரல். சொல்லின் முடிவில் லேசாகக் கரகரக்கும் அதே தொண்டை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளும் நம்பிவிட்டாள். பிறகுதான் உறைத்தது. அவன் தாயை அம்மா என்று கூப்பிட்டதே கிடையாது. "என்ன மேடம், இன்னைக்கு யாரைத் திட்டினீங்க?" என்றுதான் ஆரம்பிப்பான். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் போய்விடும் என்று அந்தப் பக்கமே போகமாட்டான்.

அடுத்த நாள் காலையில் ஸ்டூடியோவுக்குப் போனாள். கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டிய ஒல்லியான ஆள் ஒருவன் திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். கணவன் பாதியில் விட்டுப்போன படம்தான். மீதிப் பாதிக்கும் அதே குரல் வேண்டும் என்பதால் இவனைப் பிடித்திருந்தார்கள். பழைய பதிவுகளைக் கேட்டுக் கேட்டு அந்தக் குரலிலேயே நாள் முழுக்கக் கிடந்தான். வெளியே வந்து அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"அண்ணி... சத்தியமா நான் ஆரம்பிக்கல. போன் அடிச்சுது. எடுத்து அலோன்னேன். 'ஏன்டா இத்தனை நாளா பேசல'ன்னு அவங்களே அழ ஆரம்பிச்சிட்டாங்க. நான் உங்க பையன் இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"வாயால சொல்றது."

"வரல அண்ணி."

"வீட்டு விஷயம் ஏதாவது கேட்டியா? கையெழுத்து, பத்திரம்?"

அவன் திகைத்துப் பார்த்தான். "மாத்திரை போட்டாங்களான்னுதான் கேட்டேன்."

நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பேசியதெல்லாம் கணவனின் தொண்டையில்தான். "இனி போனை எடுக்காதே" என்றுவிட்டு வந்தாள்.

மத்தியானம் மாமியார் ஸ்டூடியோவுக்குப் போட்ட போன் அடித்து அடித்து ஓய்ந்தது. போனை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"நீதானே எடுக்கவேணாம்னு சொன்னே?"

"அத்தை..."

"வெளிநாடுன்னியே. ஸ்டூடியோ நம்பர்லதானே பேசறான்? ஊர்லயே இருக்கான். நீதான் அவனை வீட்டுக்குள்ள விடல. இத்தனை வயசுக்கப்புறம் இப்பதான் வாய் நிறைய அம்மான்னு கூப்பிடறான், அதுகூட உனக்குப் பொறுக்கல."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். லாரி, ஆஸ்பத்திரி, டாக்டரின் வார்த்தை, எல்லாவற்றையும். குரல் உடையாமல் சொன்னாள். அவ்வளவு நாள் அடக்கிப் பழகியிருந்தது.

மாமியார் கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. "நல்லா கதை கட்டுறே" என்றாள். "செத்தவன் மாத்திரை போட்டியான்னு கேப்பானா? நீயே ஒரு வாய் தண்ணி குடி, மூச்சு வாங்குது உனக்கு."

மெய்யை வைத்துக்கொண்டு இப்படி முழிக்க வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. போலிக் குரலை நம்பி, உண்மை சொன்னவளைச் சந்தேகிக்கும்படி அந்த வீட்டில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. அவள் நாத்தனாருக்குச் சொன்னாள். டாக்டரிடம் கேட்டாள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும், மெதுவாகச் சொல்லுங்கள் என்றார். பிறகு ஸ்டூடியோவுக்குப் போன் செய்தாள்.

அவன் சாயங்காலம் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான். நாத்தனார் தாயின் தோளைப் பிடித்திருந்தாள்.

"யாரு இது?" என்றாள் மாமியார்.

மருமகள் அவனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"அம்மா" என்றான். "சாப்பிட்டீங்களா?"

மாமியார் அவன் வாயைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே ஒருவரும் இல்லை. மறுபடி அவன் வாயைப் பார்த்தாள்.

"இன்னொரு தரம் சொல்லு."

அவன் சொன்னான். பாதியில் அவனுடைய சொந்தக் குரல் வந்துவிட்டது. மெலிந்த, கூச்சமான குரல்.

மாமியார் மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காற்றில் துழாவி மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னிக்குடி?" என்றாள்.