பௌர்ணமியை மறந்தவன்

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முருகவேலின் பிரவுசிங் சென்டர். 2008-ல் அந்தத் தொழிலுக்கு நல்ல மவுசு. மெயில் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் எழுந்து போனதும், அவன் தன் கம்ப்யூட்டரில் சீட்டாட உட்கார்ந்துவிடுவான். ஆன்லைன் போக்கர் டோர்னமெண்ட். பணம் கட்டிச் சேர வேண்டும், கடைசிவரை தாக்குப்பிடிப்பவர்களுக்குப் பரிசு.

அதில் தான் பெரிய கில்லாடி என்று அவனுக்கு நினைப்பு. ஒரு சட்டமும் வைத்திருந்தான். கட்டும் பணம் கம்மி என்றால் ஒரே நேரத்தில் திரையில் நாலு டேபிள், அதாவது நாலு ஆட்டம்; ஜாஸ்தி என்றால் ரெண்டே டேபிள்.

"அளவில்லாம ஆடுறவன்தான் சார் சூதாடி. நான் கணக்கு போட்டு ஆடுறேன்" என்பான் பக்கத்துக் கடை ராமதாஸிடம். அவரும் தலையாட்டி வைப்பார், அவருக்கென்ன போச்சு.

அன்று காலை சாப்பாடு கொண்டுவந்த அவன் மனைவி ஆதிலட்சுமி அவன் தோளைத் தொட்டுச் சொன்னாள். "மூணு மணிக்கு கீழ்பென்னாத்தூர் ஸ்கூல்ல இண்டர்வியூங்க. பன்னெண்டுக்கெல்லாம் வண்டிய எடுத்துக்கிட்டு வந்துடுங்க. அப்புறம் ரோட்ட அடைச்சிடுவாங்க."

"வந்துட்றேம்மா" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பி.எட். முடித்த கையோடு கல்யாணம், பிறகு பூஜா. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஆதிலட்சுமிக்கு வந்திருக்கும் முதல் அழைப்பு இது. விட்டால் அடுத்தது எப்போதோ.

முருகவேலுக்கு அன்று கை ஓடியது. நாலு டேபிளிலும் தோற்காமல் நின்றுகொண்டிருந்தான். நடுவில் பெரிய பணத்து ஆட்டம் ஒன்று தொடங்கியது. அவன் சட்டப்படி மூன்றை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை மகராசன், அதை ஐந்தாவதாகத் திறந்தான். ஒரு வழியாக ஒரு டேபிளில் பரிசு விழுந்து, நிமிர்ந்து பார்த்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது.

பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் சாலை முழுக்கத் தலைகள். குறுக்கே தடுப்பு போட்டு போலீஸ்காரர் நின்றிருந்தார்.

"இன்னா சார் இவ்ளோ கூட்டம், இன்னிக்கு இன்னா விசேஷம்?"

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வெளியூரா?"

பிறந்தது முதல் கிரிவலப் பாதையிலேயே வளர்ந்த முருகவேலுக்கு, ஊரே மலையைச் சுற்றும் பௌர்ணமி மறந்துபோயிருந்தது. அவமானம் பிடுங்கித் தின்ன, வண்டியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

வீடு பூட்டியிருந்தது. "உனக்காக எவ்ளோ நேரம் வாசல்ல நின்னா தெரியுமா?" என்றாள் எதிர்வீட்டு ஜோதியம்மாள். "அப்புறம் நடந்தே கெளம்பிட்டா. ஊரே இப்படி வருது, அவ செருப்ப கைல புடிச்சிக்கிட்டு அப்படிப் போறா."

ஊருக்கு வெளியே மறுகோடியில் நிறுத்தியிருக்கும் பஸ் வரைக்கும் அவள் நடக்க வேண்டும். பெண்டாட்டியின் வேலையைத் தானே கெடுத்துவிட்டோம் என்று முருகவேல் வாசற்படியில் இடிந்துபோய் உட்கார்ந்தான்.

பொழுது சாயும் நேரத்தில் ஆதிலட்சுமி வந்தாள். கால் முட்டிவரை புழுதி.

"போச்சா?" என்றான் மெதுவாக.

"கெடச்சிடுச்சி. கடைசி ஆளா உள்ள போனேன். திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்க." செருப்பைக் கீழே போட்டாள். "நீங்க ஜெயிச்சீங்களா?"

"ஒரு டேபிள்ல."

"உங்க கணக்கு கரெக்டாத்தான் இருக்கும். எத்தன டேபிள், எவ்ளோ பணம்னு அழகாப் பிரிச்சி வெச்சிருப்பீங்க. நானும் பூஜாவும் எந்த டேபிள்ல இருக்கோம், அத மட்டும் சொல்லிடுங்க."

கோபமாகத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாக ராமதாஸைக் கூப்பிட்டு, அவர் கண்ணெதிரிலேயே தன் ஆன்லைன் போக்கர் கணக்கை மூடினான்.

"ஏம்பா, நீதான் அளவா ஆடுறவனாச்சே?"

"அது பொய் சார். பணத்துக்குத்தான் அளவு வெச்சேன். புத்திக்கு எவன் அளவு வெக்கிறது? சூதுல அளவான சூதுன்னு ஒண்ணு கெடையாது. பணத்துக்கு முன்னாடி அது மனுஷன வாரிக்கிட்டுப் போயிடுது." கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு நிமிர்ந்தான். "வேணும்னா அடுத்த பௌர்ணமி எப்பன்னு கேளுங்க, இப்ப சொல்றேன்."