பிலார் மாமி அனுப்பிய போத்தல்

மாப்பிள்ளை வீட்டை விசாரிக்காமல் யாழ்ப்பாணத்துத் தகப்பன் தலையசைத்ததாக எங்கும் கேள்விப்பட்டதில்லை. பெடியன் கனடா என்றால் அங்கே ஒரு மச்சான், பாரிஸ் என்றால் லாச்சப்பலில் ஒரு சிநேகிதன். ஒரு அழைப்பு எடுத்தால் பெடியனின் பூட்டன் எவ்வளவு குடித்தார் என்பதுவரை வந்து விழும். ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் சச்சிதானந்தனுக்கு வாய்த்ததோ ஸ்பெயின். அங்கே விசாரிக்க ஒரு காக்காய்கூட இல்லை.

ஒரே மகள் டிலக்சி அங்கே ஒரு வருடம் படிக்கப் போனவள், ஸ்பானிய மொழியோடும் மார்க்கோஸ் என்ற பெடியனோடும் வந்திறங்கினாள். பெடியனுக்கு ஒஸ்லோவில் பொறியியல் வேலை. ஊரில் மூன்று தலைமுறையாகக் குடும்பமே வைன் செய்கிறதாம். அப்பா ஓம் என்றால்தான் கலியாணம் என்று டிலக்சி சொல்லிவிட்டாள். அந்த ‘ஓம்’ சச்சிதானந்தனின் வாய்க்குள் மாதக்கணக்கில் ஊறிக்கொண்டு கிடந்தது.

சும்மா இருக்கவில்லை அவர். அரச மதுக்கடைக்குப் போய் அந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்லி, எப்படிப்பட்ட ஆட்கள் என்று கேட்டார். விற்பனைப் பெண் ஓக் மரப் பீப்பாய், வனிலா வாசம் என்று விளக்கினாள். குடும்பத்தில் யாருக்கும் விசர், பைத்தியம் இருக்கிறதா என்று கேட்டதும் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். பேரம் பேச இடமில்லாத கடையில் உண்மையை எப்படிக் கறப்பது என்று திரும்பிவிட்டார்.

சனிக்கிழமை மார்க்கோஸ் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். வாசலில் சப்பாத்தைக் கழற்றி, பனியைத் தட்டி, ஒரு போத்தலை இரண்டு கையாலும் நீட்டினான். பிலார் மாமி, அதாவது அவனுடைய தகப்பனின் தமக்கை, அனுப்பியதாம். வைன் அறையைப் பூட்டுகிற திறப்பு அவவின் இடுப்பில்தானாம்.

சச்சிதானந்தன் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவி சிவகாமியின் காதருகே போனார். “வைன் செய்யிற வீடு. ஒரு போத்தல். நாங்கள் ஒரு வீட்டுக்குப் போகேக்கை ஒரு முருங்கைக்காயோடையே போறனாங்கள்?”

“சும்மா இருங்கோப்பா, பெடியனுக்குக் கேக்கும்.”

“கேட்டாலும் விளங்கவே போகுது?”

மேசையில் மார்க்கோஸ் மூடியைத் திறந்து ஊற்றினான். எப்படி இருக்கும் என்று சச்சிதானந்தன் நோர்வேஜிய மொழியில் கேட்டார். “நீங்களே குடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்” என்றான் அவன், கிளாசைப் பார்த்தபடி.

தன் சரக்கைப் புகழாத வியாபாரியை அவர் அன்றுதான் கண்டார். அழுகலை அடியில் வைத்து விற்கிறவன்கூட மேலே உள்ளதைப் பற்றி இரண்டு வார்த்தை நல்லதாய்ச் சொல்வான். இவன் வாயைத் திறக்கவில்லை. எதையோ மறைக்கிறான்.

ஒரு வாய் குடித்தார். சிவகாமி மேசைக்குக் கீழே காலால் இடித்தாள். ‘நல்லம்’ என்று சொல்லும்படி அர்த்தம். ஆனால் வாங்குகிறவன் கையில் சரக்கு வந்தால் முதலில் குறை சொல்ல வேண்டும் என்று அவருடைய நாக்கு சின்ன வயதிலேயே பழகிவிட்டது.

“புளிக்குது. பழத்தை விட மரம்தான் முன்னுக்கு நிக்குது. பழைய மீனுக்கு மஞ்சளைக் கூடப் போட்ட மாதிரி.”

“அப்பா, இதை நான் அவருக்குச் சொல்லேலாது.”

“நீ சொல்லாட்டில் நான் நோர்ஸ்கிலை சொல்லுறன்.”

டிலக்சி முகம் சிவந்து சொன்னாள். மார்க்கோஸ் கோபிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பொல்லாப்பாகத் தோன்றியது. அவன் கைபேசியை எடுத்து யாருக்கோ அழைத்து, மேசை நடுவில் வைத்தான். ஒரு தடித்த பெண்குரல் மூச்சு விடாமல் பேசியது.

“பிலார் மாமியாம். நீங்கள் சொன்னதை என்னை அப்படியே திருப்பிச் சொல்லட்டாம்.”

“மீனையும் சேத்துச் சொல்லு” என்றார் சச்சிதானந்தன்.

டிலக்சி ஸ்பானிய மொழியில் மீனையும் சேர்த்துச் சொன்னாள். அந்தப் பக்கம் மறுபடியும் பேச்சு. டிலக்சி கேட்டுக் கேட்டுச் சொன்னாள். “அந்த வருசம் ஆலங்கட்டி மழையாம். பழம் சரியாப் பழுக்கேல்லையாம். மறைக்கிறதுக்குப் பீப்பாயிலை கூட நாள் வைச்சவையாம், சரிவரேல்லை. ஒரு போத்தலும் விக்கேல்லையாம். சம்பந்தம் பேசிற வீடுகளுக்கு மட்டும் இதை அனுப்புறவவாம்.”

“ஏனாம்?”

“இவரின்ரை அண்ணாவுக்குப் பொம்பிளை குடுத்தவர் இதைக் குடிச்சிட்டு அமிர்தம் எண்டவராம். அந்தாளின்ரை வாயிலை அதுக்குப் பிறகும் ஒரு உண்மை வரேல்லையாம்.”

சச்சிதானந்தன் கிளாசைத் தள்ளி வைத்தார். இவ்வளவு நாளும் தான்தான் விசாரிக்கிறேன் என்று இருந்துவிட்டார். பெண் கொடுக்கப்போகிற தன்னையே அவர்கள் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

“போத்தலை மட்டும் நம்பியே இருந்தவ? வேறை ஒண்டும் விசாரிக்கேல்லையோ எண்டு கேள்.”

டிலக்சி கேட்டாள். பதில் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“விசாரிச்சவவாம். அவையின்ரை ஊர்ப் பொம்பிளை ஜூலியா எண்டவ இஞ்சைதான் இருக்கிறாவாம். எங்கடை கடையிலைதான் வெண்டிக்காய் வாங்குறவவாம்.”

கடைக்கு வரும் வெள்ளைக்காரப் பெண்களின் முகங்களை எல்லாம் அவர் மனத்தில் ஒருமுறை புரட்டினார். ஒன்றும் பிடிபடவில்லை.

“என்ன சொன்னவவாம் அந்த ஜூலியா?”

“நிறை சரியாம். விலைதான் ஒரு சதமும் குறைக்கமாட்டாராம்.”

சிவகாமி சிரிப்பை அடக்க முற்றத்துப் பக்கம் பார்த்தாள். பெரிய நிறுவனத்து முகாமையாளரின் நற்சான்றுகூட இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாக வந்திருக்காது. மார்க்கோஸ் இன்னும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை, மேசைத் துணியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

“மாமியிட்டைச் சொல்லு பிள்ளை, எனக்கு ஓம் எண்டு.”

டிலக்சி வாய் திறக்குமுன் அவர் கையைத் தூக்கினார்.

“பொறு. முதல்லை கேள், ஜூலியாவை விட அவவுக்கு இஞ்சை வேறை ஆரார் இருக்கினம் எண்டு.”