விளக்குக் கடை ஷட்டர்

தடதடவென்று ஷட்டரைத் தட்டினார் பேப்பர் கடைக்காரர். கை வலித்ததும் காலால் ஓர் உதை விட்டார்.

"பல்பு அண்ணே! உள்ள இருக்கீங்களா? கமிட்டி தெருமுனைக்கு வந்தாச்சு!"

அண்ணனின் எண்ணுக்கு அடித்துப் பார்த்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

மற்ற கடைகள் எல்லாம் பளிச்சென்று திறந்திருக்க, விளக்குக் கடை மட்டும் பல் விழுந்த இடம்போல இருண்டு கிடந்தது. தெருவுக்கே வெளிச்சம் விற்கிறவர் கடையில் இருட்டு!

நெடுஞ்சாலையோரம் பெரிய அங்காடி வந்த நாளிலிருந்து இந்தப் புறநகரின் கடைத்தெருக்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. வருஷத்துக்கு ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து, நடைபாதை, விளக்குக் கம்பம், வாடகைச் சலுகை என்று தூக்கி நிறுத்துவது நகராட்சியின் திட்டம். கறாரான நிபந்தனை ஒன்று உண்டு. தேர்வு செய்யும் கமிட்டி நடந்து வரும்போது ஒரு ஷட்டர்கூட இறங்கியிருக்கக் கூடாது. செத்த தெருவுக்கு உதவி கிடையாதாம்.

போன வருஷம் செருப்புக் கடைக்காரர் மூடியிருந்தார். அன்றைக்குப் பார்த்து அவருடைய மாமனார் காலமாகிவிட்டார். வாய்ப்பு பக்கத்துத் தெருவுக்குப் போனது. தெரு வியாபாரிகளின் தலைவரான பல்பு அண்ணன் அவரை நடுத்தெருவில் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"செத்தவரு நாளைக்கும் செத்துத்தான்யா இருப்பாரு. கமிட்டி நாளைக்கு வருமா?"

தெருவே சிரித்தது. அந்த வசனத்தைச் செருப்புக் கடைக்காரரைக் கண்ட இடத்திலெல்லாம் ஒப்பித்தவர்களில் பேப்பர் கடைக்காரர்தான் முதல் ஆள். இந்த முறையும் தவறினால் கடையைக் காலி செய்வதாகக் கட்டடச் சொந்தக்காரரிடம் அவர் சொல்லியாகிவிட்டது. வீட்டில்தான் இன்னும் சொல்லவில்லை.

"என்னய்யா, ஊருக்கு மட்டும்தான் உபதேசமா உங்க தலைவருக்கு?" எதிர்வாசலில் நின்று நக்கலடித்தார் செருப்புக் கடைக்காரர்.

அப்போதுதான் வாடகைக் கார் ஒன்று கிறீச்சிட்டு நின்றது. பல்பு அண்ணனின் மனைவி இறங்கினாள். தலை வாரவில்லை. ஒரு துணிப்பையை மார்போடு அணைத்திருந்தாள்.

"அண்ணி! அண்ணன் எங்கே?"

"அவர் வரலை தம்பி. பூட்டைத் திறங்க."

அவள் சாவியை நீட்டினாள். பேப்பர் கடைக்காரர் வெடுக்கென்று வாங்கித் திறந்தார். இருவரும் சேர்ந்து ஷட்டரைத் தூக்கினார்கள். அண்ணி எல்லா ஸ்விட்சையும் தட்டினாள். கடை எரிந்தது. பையை மட்டும் கீழே வைக்கவில்லை.

கமிட்டித் தலைவி உள்ளே நுழைந்தார்.

"முதலாளி இல்லீங்களா?"

"இன்னிக்கு நான்தாங்க."

"என் பொண்ணு படிக்க ஒரு மேஜை விளக்கு வேணும். கண்ணு கூசக் கூடாது."

அண்ணி ஒன்றை எடுத்து எரியவிட்டு, தன் உள்ளங்கையில் வெளிச்சத்தைப் பாய்ச்சிக் காட்டினாள். "இடது பக்கம் வைங்க. அப்பத்தான் எழுதற கையோட நிழல் நோட்டுல விழாது. அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்..." இருமிச் சமாளித்தாள்.

பேப்பர் கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் தூங்குகிறான், பெண்டாட்டி திணறுகிறாள். வரட்டும் அந்த மனுஷன்!

தெருக்கோடியில் தலைவி திரும்பி நின்றார். "உயிருள்ள தெரு. இந்த வருஷம் இதுதான்."

விசில் பறந்தது. யாரோ யாரையோ தூக்கிச் சுற்றினார்கள். பேப்பர் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்குக் கடைக்கு ஓடினார். பின்னாலேயே வந்த செருப்புக் கடைக்காரர் முந்திக்கொண்டார்.

"எங்க அண்ணி நம்ம கும்பகர்ணன்? ஒரு வருஷக் கடன் பாக்கி இருக்கு. அவர் வசனத்தை அவருக்கே திருப்பிச் சொல்லணும்!"

அண்ணி ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டிருந்தாள். கடைசி விளக்கின் அடியில், முதல் தடவையாகப் பையைக் கீழே வைத்தாள். அதன் வாய் திறந்து சரிந்தது. உள்ளே அண்ணனின் மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், கத்தரியால் நெடுக வெட்டியெடுத்த சட்டை.

"ஷட்டரை இறக்கிக் குடுங்க தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஐயோ, அண்ணனுக்கு என்ன ஆச்சு? வாங்க, என் வண்டியில போயிடலாம். சீக்கிரம்!" பேப்பர் கடைக்காரர் பதறினார்.

அண்ணி செருப்புக் கடைக்காரரை ஒரு கணம் பார்த்தாள். அதில் கோபமே இல்லை.

"அவசரமில்லை தம்பி. அவர் விடியறப்பவே போயிட்டாரு."