நீலத்தில் பெரிய கட்டம்

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். உள்ளறையில் அவள் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். துக்கத்துக்கு வந்தவர்களில் சிலருக்கு அந்தச் சத்தம் உறுத்தியது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்பா வாழ்நாளெல்லாம் துணிக்கடையில் நின்றவர். கோடு, பூ, புள்ளி என்று எதையும் விற்றுவிடுவார். தான் போடுவது மட்டும் கட்டம் போட்ட சட்டை. தெருவில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. 'கட்டம் சார்' வீடு என்றால் கைகாட்டுவார்கள். காலையில் பேப்பரில் குறுக்கெழுத்துக் கட்டத்தை நிரப்பாமல் அவருக்கு டீ இறங்காது.

போன மாதம் டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, நோய் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். மறைக்கத் தெரியாமல் அப்பாவிடமே சொல்லி அழுதாள். அவர் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார்.

"கடைசிக் கட்டம்னா சின்னதா, பெருசா? கேட்டியா?"

அழுகையோடு சிரித்துவிட்டாள். "கேக்கலப்பா."

"எனக்குப் பெருசுதான் எடுப்பா இருக்கும். நீலத்துல எடு. நீயே தை."

தைத்து முடிப்பதற்குள் இன்று விடிகாலையில் போய்விட்டார்.

பெரியப்பா அறை வாசலில் வந்து நின்றார். செய்தியைப் பேப்பரில் கட்டம் கட்டிப் போடச் சொல்லியாயிற்று என்றார். கையில் புது வெள்ளைச் சட்டை. நாலு பேர் வந்து பார்க்கிற இடம், தம்பிக்கு வெள்ளைதான் மரியாதை என்றார். அவரை எதிர்த்து ஒருநாளும் பேசியறியாத அம்மா மகளைப் பார்த்தாள்.

"அப்பா கேட்ட சட்டை இது, பெரியப்பா."

"சாவு வீட்ல கட்டம் போட்டதாம்மா?"

"ஆமா. பாக்கெட் மட்டும்தான் பாக்கி. உக்காருங்க, முடிச்சிர்றேன்."

குரலை அவள் உயர்த்தவில்லை. அவர் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. பாக்கெட்டின் கட்டம் சட்டையின் கட்டத்தோடு சேராமல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பிரித்தாள். மறுபடி தைத்தாள். இந்தமுறை பாக்கெட் இருக்கிற இடமே தெரியவில்லை.

சட்டை மாட்டும்போது விறைத்த கை மடங்க மறுத்தது. பெரியப்பாதான் தம்பியின் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் பொத்தான்களைப் போட்டாள்.

"நல்லாருக்கு," என்றாள் அம்மா. விடிந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு.

வெள்ளைச் சட்டை பிரிக்காமலே ஒரு நாற்காலியில் கிடந்தது. புதிதாக வந்த ஒருவர் உட்கார இடம் தேடி, அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.