பழைய ரிங்ஸ்

அன்று காலை பெரட்டுக்களத்தில் கொழுந்து வேலைக்குப் பேர் கொடுக்கப் போகும் அவசரத்தில் அம்மா தன் எனாமல் தட்டைத் தேடினார். அது எங்கள் லயத்து வீட்டு வாசலில், தம்பியின் காருக்குப் பக்கத்தில் கிடந்தது. அதில் மண்ணெண்ணெய் ஊற்றி மூன்று பிஸ்டன்களை ஊறப்போட்டிருந்தான்.

“ஏண்டா நிரஞ்சா, இது சோறு திங்கிற தட்டா, ஒன் கராஜா?”

“பிஸ்டனுக்கும் பசிக்கும்லம்மா.”

“சாயங்காலம் நான் வர்றதுக்குள்ள வெளக்கி வை. வாட அடிச்சா, அதுலயேதான் ஒனக்குச் சோறு.”

கூடையை மாட்டிக்கொண்டு, மரக்கட்டைகளின் மேல் மூக்கைத் தூக்கி நின்ற காரைச் சுற்றி நடந்து போனார். நான் பீலியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அது மூன்று சிலிண்டர் சின்னக் கார், முப்பது வருடப் பழசு. தம்பி ஹட்டனில் ஒரு கராஜில் வேலை செய்தான். யாரோ கழித்துவிட்டதை வாங்கிவந்து இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சரிப்படுத்திக்கொண்டிருந்தான். ஓடும். ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், பின்னால் நீலப் புகை விடும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்ஸ் தேய்ந்துவிட்டன, அதனால் ஒயில் எரிகிறது என்பான். பொங்கல் லீவில் இஞ்சினைத் திறப்பதாக இருந்தான். “திங்கக்கிழமை டீச்சர்மார் எல்லாரும் நிக்கிற எடத்துல இந்தப் புகையோட போய் எறங்க மாட்டேன்” என்று சொன்னது நான்தான். தோட்டத்துப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். திங்கட்கிழமை ஹட்டன் டவுனில் ஒரு பயிற்சி வகுப்பு இருந்தது. அவன் சிரித்துவிட்டு, சனிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லி, வெள்ளிக்கிழமை பின்னேரமே இஞ்சினின் ஹெட்டைக் கழற்றிவிட்டான்.

அம்மா தட்டைத் தேடிய அந்தச் சனிக்கிழமை, பத்து மணிக்குக் கொஞ்சம் பிந்தி மேல் மலையில் குளவிக் கூடு கலைந்தது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். அம்மா மழைத்தண்ணிக் கான் ஒன்றில் கால் இடறி விழுந்துவிட்டார், குளவிகள் அவரை மொய்த்துக் கொட்டிவிட்டன. கம்பளியில் வைத்து நான்கு பேர் தூக்கிவந்து லயத்து வாசலில் கிடத்தியபோது மணி பத்தேகால். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் கடிகாரத்தைப் பார்த்தேன்.

எங்கள் டிவிசனில் இருந்த ஒரே ஆட்டோ காலையிலேயே ஹயருக்குப் போயிருந்தது. ஒரே கார் கட்டைகளின் மேல் நின்றது. நிரஞ்சன் கறுத்த கைகளோடு அதன் முன்னால் நின்றான். யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று இப்போது தோன்றுகிறது. பெக்டரியில் கொழுந்து இறக்கிவிட்டுத் தோட்டத்து லொறி வந்து சேர்ந்தபோது மணி பத்து ஐம்பது. தேத்தண்ணிக் கடை வளைவில், என் மடியில், அம்மாவின் மூச்சு நின்றது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் சொன்னார். குரலில் குற்றம் சாட்டுவது ஒன்றும் இல்லை. பதினொரு மணிக்கு முந்திக் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் சிங்களம் நன்றாகத் தெரியும்.

கருமாதி முடிந்த மறுநாள் தம்பி மறுபடி இஞ்சினில் கை வைத்தான். எனக்கு ஆறுதலாக இருந்தது. வேலை செய்தால் ஆறிவிடுவான் என்று நினைத்தேன். புது ரிங்ஸ் போட்டான். வால்வுகளை ஒவ்வொன்றாகப் பசை தடவி, குச்சியைக் கைகளுக்கு நடுவே உருட்டி, பொறுமையாக அரைத்தான். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக இறுக்கினான். எங்கள் உயரத்தில் காற்று மெலிசு. அதற்கேற்பக் காபரேட்டரில் பெட்ரோலைக் குறைத்து, டைமிங்கைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். புகை இல்லை. மூன்று சிலிண்டரும் ஒரே சத்தமாக ஓடின.

அன்று தனியாக ஆஸ்பத்திரி வரை போய் வந்தான்.

“இருபத்தெட்டு நிமிசம்க்கா” என்றான். பிறகு சாப்பிடவில்லை.

மறுநாள் டைமிங்கைத் திருத்திவிட்டு மறுபடி போனான். இருபத்தாறு. அதற்கடுத்த நாள் பிளக்குகளை மாற்றினான். இருபத்தைந்து. ஒவ்வொரு முறை இஞ்சின் நன்றாக ஓடும்போதும் அவன் முகம் இன்னும் கறுத்தது. மூன்றாம் நாள்தான் எனக்கு விளங்கியது. அம்மா எவ்வளவு நேரம் முந்திப் போய்ச் சேர்ந்திருப்பார் என்று அளந்துகொண்டிருந்தான்.

“டேய், அன்னைக்கு இருந்தது இந்த இஞ்சின் இல்லடா” என்றேன். “இது ஏறுற மாதிரி அது ஏறியிருக்குமா? பாதி வழியில தண்ணி கொதிச்சு நின்னிருக்கும்.”

அவனைத் தேற்றுவதற்காகச் சொன்னேன். அவன் எழுந்துபோய், கட்டிலுக்கடியிலிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தான். கழற்றிய சாமானை அவன் எறிவதில்லை. பழைய ரிங்ஸை எந்தச் சிலிண்டருக்கு எது என்று பிரித்து, மூன்று கம்பிகளில் கோத்து வைத்திருந்தான்.

ஹட்டனில் நூர்தீன் நானாவின் ஸ்பெயார்ஸ் கடைக்கு நானும் அவனோடு போனேன்.

“இன்னொரு ஹெட் கேஸ்கெட்டா? போன மாசம்தானே கொண்டுபோன தம்பி. சம்பலோட திங்கிறயா?”

“திரும்பக் கழட்டுறேன் நானா.”

“ஏன், நான் தந்த ரிங்ஸ்ல என்ன பிழை?”

“ஒன்னும் இல்ல. பழசத் திரும்பப் போடப் போறேன்.”

நானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “டீச்சர், முப்பது வருசமா இந்தக் கவுண்டர்ல நிக்கிறேன். புதுசக் கழட்டிட்டுப் பழசு போடுற மனிசன இன்னைக்குத்தான் காணுறேன். மாப்பிள்ளைக்குச் சட்டை பழசு, பொத்தான் மட்டும் புதுசா?”

தம்பி கேஸ்கெட்டைப் பார்க்க உள்ளே போனபோது நான் விசயத்தைச் சொன்னேன். நானாவின் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாகப் போனது.

“பழைய இஞ்சின் நேரத்துக்குப் போய்ச் சேந்திருக்குமான்னு அவருக்குப் பாக்காம இருக்க ஏலாது” என்றார். “பாக்கட்டும். ஆனா தனிய விடாதீங்க. நீங்களும் ஏறிக்கங்க.”

அடுத்த சனிக்கிழமைக்குள் இஞ்சினை அவன் பழைய மாதிரியே கெடுத்து முடித்தான். காபரேட்டரைக் கூட்டினான், டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினான், கரி பிடித்த பழைய பிளக்குகளைப் போட்டான். அம்மாவின் கிளினிக் கார்டில் நாற்பத்து மூன்று கிலோ என்று இருந்தது. அந்த நிறைக்கு அரிசியை மூட்டை கட்டிப் பின் சீட்டில் கிடத்தினான். உருளாமல் இருக்கக் கம்பளியால் அண்டை கொடுத்தான்.

தன் போனை என்னிடம் தந்தான். காரில் கடிகாரம் கிடையாது.

“நேரத்த நீ பாருக்கா. நான் பாத்தா வேகத்தக் கூட்டிருவேன்.”

பத்தேகாலுக்குப் புறப்பட்டோம். கண்ணாடியில் நீலப் புகை தெரிந்தது. பாதை முழுக்கக் குழி. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் நடுங்கிக்கொண்டே ஏறியது. தேத்தண்ணிக் கடை வளைவில் நான் சொன்ன மாதிரியே தண்ணீர் கொதித்தது. நிறுத்தி, சாக்கால் பிடித்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றினான். இனி இது ஸ்டார்ட் ஆகக் கூடாது என்று நான் மாரியம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன். ஒரே முறுக்கில் ஸ்டார்ட் ஆனது. எவ்வளவு கெடுத்தாலும் அது அவன் கை வைத்த இஞ்சின்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினான். எதிரே நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸின் கண்டக்டர், “தலவாக்கலை ஹட்டன், ஹட்டன்!” என்று கத்திக்கொண்டிருந்தான்.

“மணி எத்தனக்கா?”

போனில் பத்து ஐம்பத்து மூன்று.

“பதினொன்னு ஏழு” என்றேன்.

அவன் இஞ்சினை நிறுத்தாமல் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று சிலிண்டரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் அடித்துக்கொண்டன. போனைத் தா என்று கேட்பான் என்று அதைத் துப்பட்டாவுக்குள் இறுக்கிப் பிடித்திருந்தேன். கேட்கவில்லை. சாவியைத் திருப்பி நிறுத்தினான்.

“அப்ப முடிஞ்சிருக்காது” என்றான்.

“முடிஞ்சிருக்காதுடா.”

அரிசியைத் திரும்பக் கொண்டுவந்தோம். இரண்டு மாதம் அதைத்தான் சமைத்தோம். தம்பி புது ரிங்ஸை மறுபடி போட்டான். ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினான். வேலைக்கும் போகிறான். அந்தக் காரில் டிவிசனில் யாருக்கு என்ன வருத்தமென்றாலும் ஏற்றிக்கொண்டு போகிறான். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அதன் பிறகு நாங்கள் பேசியதில்லை.

அவனுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று கொஞ்ச காலம் நம்பியிருந்தேன். ஹெட்டைக் கழற்றச் சொன்னவள் நான் என்பதை அந்த நம்பிக்கைக்குள் வைக்க முடியவில்லை.

தள்ளிப்போயிருந்த அந்தப் பயிற்சி வகுப்பு போன மாதம் ஒரு பின்னேரம் நடந்தது. ஆஸ்பத்திரிக்கு முன்னாலிருந்து ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கண்டக்டரின் குரல் நினைவுக்கு வந்தது. அதே ஆள்.

“தம்பி, இது எத்தன மணி பஸ்?”

“பதினொன்னு டீச்சர்.”

“பிந்தி எடுக்கிறதும் உண்டா?”

“நல்லாக் கேட்டீங்க. ஒரு நிமிசம் பிந்தினா டைம்கீப்பர் என்னத் தின்னுருவான்.”

காரைக் கொண்டுவருவதற்கு முன் நிரஞ்சன் நான்கு வருடம், சனிக்கிழமைகளில் பின்னேர வேலைக்கு, இதே பதினொரு மணி பஸ்ஸில்தான் போனான். அன்று பதினொன்று ஏழு என்று நான் சொன்னபோது இது எங்கள் எதிரே நின்றிருந்தது. அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனிடம் நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஹட்டன் பஸ்ஸை இன்றும் பதினொரு மணிக்குத்தான் எடுக்கிறார்கள்.